எதிர்ப்பக்கம் போன பேருந்து நிறுத்தம்

ஜூலை 4, வியாழன்

ஒன்பதாம் வகுப்புக்கான குடிமையியல் பாடத்தை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டோம். நானும் அட்லஸ் சாரும். அவர் புவியியல் ஆசிரியர்; கக்கத்தில் சுருட்டிய வரைபடம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, பிள்ளைகள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நான் வரலாறு. குடிமையியல் மட்டும் யாருக்கும் வேண்டாத பிள்ளை மாதிரி இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தது. "நகராட்சியின் பணிகள் யாவை?" என்று புத்தகம் கேட்கும். பிள்ளைகள் உருப்போட்டு எழுதி மார்க் வாங்கிவிட்டு, வெளியே வந்து உடைந்த நடைபாதையில் தடுக்கி விழுவார்கள்.

எங்கள் பாடம் வேறு மாதிரி. தங்களைப் பாதிக்கும் ஒரு விஷயத்தை வகுப்பே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை முடிவு செய்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நகராட்சியின் குறைகேட்புக் கூட்டத்துக்குப் போய் அவரிடமே கேட்க வேண்டும். திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. "ஏன் இப்படி செஞ்சீங்கன்னு கேட்டா மனுஷன் கதவைச் சாத்திக்குவான். எப்படி இந்த முடிவுக்கு வந்தீங்கன்னு கேட்டா உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பான்" என்றார் சார். அதைப் பாடத்தின் முதல் வரியாகவே வைத்துவிட்டோம்.

சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தால் எனக்கு உடனே பயம் வரும். வந்துவிட்டது.

ஜூலை 8, திங்கள்

இன்று வகுப்பில் ஓட்டெடுப்பு. குப்பைத்தொட்டி, தெருநாய், மைதானத்தில் தேங்கும் தண்ணீர் எல்லாம் பட்டியலில் இருந்தன. ஜெயித்தது பேருந்து நிறுத்தம்.

இதற்கு முன்னால் நிறுத்தம் பள்ளி வாசலை ஒட்டியே இருந்தது. கோடை விடுமுறையில் அதை எடுத்துப் பெரிய சாலையின் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள். சாலையைக் கடக்க சிக்னல் கிடையாது, கோடு கிடையாது. பள்ளி திறந்த முதல் வாரமே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பைக்கில் அடிபட்டாள். இன்னும் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். அதனால் யாரும் பிரசாரம் செய்யவில்லை. கைகள் தானாகவே உயர்ந்தன.

நான் கரும்பலகையில் "பேருந்து நிறுத்தம்" என்று எழுதினேன். நிறுத்தத்தை மாற்றியது நகராட்சியின் சாலைப் பிரிவு. சாலைப் பிரிவுப் பொறியாளர் என் வீட்டுக்காரர்.

ஜூலை 9, செவ்வாய்

அவரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "உப்பு கம்மியா இருக்கு" என்றார். உப்பை எடுத்து வைத்தேன். அதோடு போயிற்று.

ஜூலை 15, திங்கள்

பிள்ளைகள் குழு குழுவாகக் கிளம்பிவிட்டார்கள். ஒரு குழு பேருந்து ஓட்டுநர்களிடம் பேசியது. ஒரு குழு வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேசியது. நிறுத்தம் போனதில் வியாபாரம் படுத்துவிட்டதென்று அவர் அழாத குறையாகச் சொன்னாராம். நகராட்சி அலுவலகத்துக்குப் போன குழுவில் கண்ணாடியும் இருந்தாள். மூக்குக்கு மேல் பாதி முகத்தை மூடும் கண்ணாடி போட்டவள். வகுப்பில் வாயைத் திறந்தால் அதிசயம். அவள்தான் எழுந்து வாசித்தாள். "சாலைப் பிரிவுப் பொறியாளர்தான் முடிவு பண்ணினாராம், டீச்சர்." பெயர் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் அழிப்பானைத் தேடினேன். கையிலேயே இருந்தது.

ஆசிரியர் அறையில் சார் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும் சார்."

"பிள்ளைங்க கிட்ட?"

"சொல்லணும்."

"ரெண்டு பேருக்கும் தெரியாம நடுவுல எத்தனை நாளைக்கு நிப்பீங்க? விஷயத்த மாத்திடலாமா? தெருநாய்க்கும் நெறைய ஓட்டு விழுந்துச்சு."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எப்படி மாற்றுவது? நீங்கள் போட்ட ஓட்டு செல்லாது, ஏனென்றால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றா? குடிமையியல் ஆசிரியர் சொல்கிற வார்த்தையா அது?

ஜூலை 20, சனி

சொல்லிவிட்டேன்.

மாமனார் ஹாலில் டிவி முன்னால் இருந்தார். அவருக்குக் காது மந்தம், சத்தம் ஊரையே கூட்டும். அந்தச் சத்தத்தின் மறைவில், அடுக்களையில் வைத்து வீட்டுக்காரரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். மெதுவாக வைத்தால்தான் எனக்குப் பயம்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கறதுன்னா இதுதான். ஊர்ல வேற பிரச்சினையே இல்லையா?"

"நான் தேர்ந்தெடுக்கலைங்க. அவங்க ஓட்டுப் போட்டாங்க."

"ஒன்பதாங் கிளாஸ் பிள்ளைங்க ஓட்டு."

"அவங்கதானே அந்த ரோட்டைக் கடக்கிறாங்க."

அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் இதுவரை கேட்டதில்லை. பழைய நிறுத்தம் வளைவில் இருந்தது. பஸ் திரும்பும்போது பின் சக்கரம் நடைபாதையில் ஏறும். போன வருடம் பள்ளி லீவில் ஒரு வெளியூர் அம்மா அங்கே நசுங்கிச் செத்துப்போனார். ஆய்வுக்குப் போயிருந்த இவர் அங்கேயே நின்றிருக்கிறார். "அந்த அம்மாவோட பை என் கால் கிட்ட வந்து விழுந்துச்சு. நான் அதை மாத்தினது தப்புன்னு எந்தப் பிள்ளையும் எனக்குப் பாடம் எடுக்க வேணாம்."

இத்தனை நாள் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானும்தான் ஏன் கேட்கவில்லை? நிறுத்தம் மாறியபோது 'எதுக்குங்க மாத்தினீங்க' என்று சும்மாவாவது கேட்டேனா? பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறேன்.

"என்னம்மா, தட்டு உடைஞ்சுதா?" என்றார் மாமனார், ஹாலில் இருந்து. எங்கள் குரல் அவர் காதுக்கே எட்டிவிட்டது.

"இல்ல மாமா."

ஜூலை 21, ஞாயிறு

அவருடைய சட்டைகளை அவரே இஸ்திரி போட்டார். என்னுடையதையும் போட்டு வைத்தார், ஒரு வார்த்தை இல்லாமல். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஜூலை 24, புதன்

வகுப்பில் சொன்னேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க கேள்வி கேக்கப் போற பொறியாளர் என் கணவர். உங்ககிட்ட இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்."

பின் பெஞ்சில் இருந்து லீடர் எழுந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். வகுப்புத் தலைவனாக இருந்து, பதவி போன பிறகும் பெயர் போகாதவன்.

"தெரியும் டீச்சர். மழை வந்தா சார்தானே உங்களை வண்டியில கொண்டுவந்து விடுவாரு. வண்டியில நகராட்சி ஸ்டிக்கர் இருக்கு."

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஓட்டெடுப்புக்கு மறுநாளே. தலைப்ப மாத்திடலாமான்னு கூட பேசினோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"ஏன் மாத்தல?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவள் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கால் ஒடிஞ்சது எங்க தெருப் பிள்ளை, டீச்சர்."

நான் இரண்டு வாரம் ஒளித்து வைத்ததை அவர்கள் எனக்காக இரண்டு வாரம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வருகைப் பதிவு எடுத்தேன், ஏற்கெனவே எடுத்திருந்தும்.

ஜூலை 30, செவ்வாய்

தலைமையாசிரியை கூப்பிட்டார். அறைக்குள் போனதும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்லதில்லை.

"பாடம் நல்லா இருக்கு. நான் குறை சொல்லல. ஆனா கூட்டம் நடத்துற இடத்துக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறது... நம்ம சுற்றுச்சுவர் அனுமதி அந்த ஆபீஸ்லதான் கிடக்கு. தெரியும்ல?"

"மனு கொடுக்கப் போகல மேடம். கேள்வி கேக்க மட்டும்தான்."

"அதுதான் பயமா இருக்குங்கறேன்."

கடைசியில் அனுமதித்தார். பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும், சாலையைக் கடக்கும்போது இரண்டு ஆசிரியர்கள் வேண்டும், யாரும் குரல் உயர்த்தக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இப்படி ஆடும் தலையை வைத்துக்கொண்டு நான் தைரியத்தைப் பற்றிப் பாடம் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒத்திகை. அட்லஸ் சார் அதிகாரியாக நடித்தார். வேண்டுமென்றே கொட்டாவி விட்டார், போனைப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தாலும் விடவில்லை. "யார் தப்பு?" என்று ஒரு கேள்வி இருந்தது, அவர்களே அடித்துவிட்டார்கள்.

கடைசிக் கேள்வி மட்டும் அமையவில்லை. காரசாரமாக இரண்டு மூன்று எழுதிப் பார்த்தார்கள். கண்ணாடி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்: "இந்த முடிவ எடுக்கும்போது உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?"

"இது ரொம்ப மெத்துன்னு இருக்கே" என்றான் லீடர்.

"டீச்சரோட வீட்டுக்காரர். ஒரு கேள்வியாவது சுலபமா இருக்கட்டுமே."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் உள்ளுக்குள் நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாளைக்கு.

வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார்: "எத்தனை பேர் வர்றாங்க?" சொன்னேன். "ம்" என்றார். கேள்விகளைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் போனா நாடகம் ஆயிடும்."

மழை வருமா? வந்தால் கூட்டம் தள்ளிப்போகுமா? தள்ளிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனோ — ஆமாம். வேண்டிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மழை வரவில்லை. பிள்ளைகளைக் கைகோத்துக் கடக்க வைத்தோம். ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனது.

நகராட்சி மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும்போது டக் டக்கென்று அடிக்கும் மின்விசிறி. மேடையில் நடுவில் ஆணையர், அவருக்குப் பக்கத்தில் இவர். வீட்டில் நான் மடித்து வைத்த சட்டை. அங்கே அந்தச் சட்டைக்குள் வேறு யாரோ இருப்பது மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நானும் வேறெங்கோ பார்த்தேன்.

சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. முதல் கேள்விகள் நன்றாகப் போயின. எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? வளைவைப் பற்றிச் சொன்னார், இறந்துபோன அம்மாவைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது தெரியாது. லீடர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பழைய இடத்துக்கே கொண்டுவர முடியுமா? முடியாது என்றார், மறைக்காமல். நான் மூச்சு விட்டேன். முடிந்தது, பத்திரமாக முடிந்தது என்று நினைத்தேன்.

கண்ணாடி எழுந்தாள். மைக் அவள் உயரத்துக்கு எட்டவில்லை, அட்லஸ் சார் போய் வளைத்துவிட்டார்.

"இந்த முடிவ எடுக்கும்போது உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு, சார்?"

இவர் மைக்கை எடுத்தார். அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் நான் பார்க்காத எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டையும் ஒண்ணா செய்யணும்னு கேட்டேன்மா. நிறுத்தத்த மாத்தறதும் சிக்னல் போடறதும். சிக்னல் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாங்க. சிக்னல் இல்லாம மாத்தினா பிள்ளைங்க அடிபடுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னுட்டேன். அதுதான் கஷ்டமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

சுலபமாக இருக்கட்டும் என்று எழுதிய கேள்வி.

அதோடு நின்றிருக்கலாம். லீடர் எழுந்தான். பட்டியலில் இல்லாத கேள்வி.

"யார் சொன்னாங்க சார்?"

வேண்டாம் என்று சொல்ல நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டேன். யாராக எழுந்தேன்? ஆசிரியராகவா, பெண்டாட்டியாகவா? "முடிவு செய்தது யார் என்று கண்டுபிடிக்கவும்" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அவன் என் பாடத்தைத்தான் செய்கிறான்.

உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் இவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. பிறகு பையனைப் பார்த்துச் சொன்னார்: "ஆணையர் சொன்னார்."

ஆணையர் தண்ணீர் குடித்தார். "அடுத்தது யார்?" என்றார்.

பிள்ளைகளைக் கைகோத்துத் திரும்பக் கடக்க வைத்தோம். வாசலுக்கு வந்ததும் கண்ணாடி என் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், நான் தப்பா கேட்டுட்டேனா?"

"இல்லம்மா."

அதைச் சத்தமாகச் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். 'மாணவர் கேள்வியால் வெளிவந்த உண்மை.' மாமனார் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, "நம்ம பையன் ஆபீஸ் பத்தி என்னவோ போட்டிருக்கான்" என்றார். இவர் பேப்பரை வாங்கி மடித்து வைத்தார்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"நீ பாடம் எடுத்த. நான் பரீட்சை எழுதினேன். மார்க் போடறவங்க வேற ஆளு. பாப்போம்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயம். போன் அடித்தால் தூக்கிப் போடுகிறது. நேற்று அடித்தது கேஸ்காரர். அலுவலகத்தில் இவரோடு டீ குடிக்க யாரும் வருவதில்லையாம். ஜன்னலோர மேஜையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் எந்தப் பாடத்தில் எழுதுவது, சார்? பிள்ளைகளை மரியாதையாகக் கேட்கச் சொன்னோம். உண்மையைச் சொன்னவருக்கு அப்புறம் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதினோமா?

செப்டம்பர் 3, செவ்வாய்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேரும் ஊர். "நிர்வாகக் காரணம்."

எனக்கு அடக்க முடியவில்லை. "என்னாலதான். நான் சும்மா புத்தகத்துல இருக்கறத நடத்திட்டுப் போயிருந்தா — எல்லாரும் அப்படித்தானே நடத்தறாங்க — யாருக்கு என்ன கெட்டுப்போச்சு —"

"கால் ஒடிஞ்ச பிள்ளைக்குக் கெட்டுப்போச்சு" என்றார். பிறகு, "கேட்டது அந்தப் பிள்ளைங்க. சொன்னது நான். நடுவுல நீ எங்க வந்த? எல்லாத்தையும் உன் தலையில எடுத்துப் போட்டுக்காத, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

மாமனாரிடம் சத்தமாக இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் டிவியை நிறுத்தினார்.

செப்டம்பர் 12, வியாழன்

இரண்டாவது பீரியடில் வெளியே இரைச்சல். பிள்ளைகள் ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டார்கள். சாலையோரம் குழி தோண்டுகிறார்கள். சிக்னல் கம்பம். தரையில் வெள்ளைக் கோடு போட ஆட்கள் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வகுப்பு ஆரவாரம் செய்யும் என்று நினைத்தேன். செய்யவில்லை. மாறுதல் விஷயம் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. லீடர் மட்டும், "சார் பாத்துட்டாரா டீச்சர்?" என்று கேட்டான்.

செப்டம்பர் 16, திங்கள்

விடியற்காலையில் கிளம்பினார். ஒரு பெட்டி, ஒரு தலையணை. வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் பாடத்தை மற்ற பள்ளிகளுக்கும் அனுப்பலாம் என்கிறார் அட்லஸ் சார். ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தேன். 'இந்தப் பாடத்தை நடத்தும் முன், உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்' என்று எழுதினேன். வேடிக்கையாக எழுதியதுதான். சார் படித்துவிட்டு, "இதை எடுக்காதீங்க, இதுதான் முக்கியம்" என்றார்.

அனுப்பலாமா? வேறு ஒரு ஊரில் வேறு ஒரு வீட்டில் இன்னொருத்தி தூங்காமல் கிடப்பாளா? சார் தபாலில் சேர்க்கும்வரை மனம் மாறிக்கொண்டே இருந்தது.

மாவுக்கட்டுப் பிரித்த பிள்ளை பள்ளிக்கு வரத் தொடங்கிவிட்டாள். லேசாகச் சாய்ந்து நடக்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். மெலிந்திருக்கிறார். சமையல் அவரே செய்துகொள்கிறார். அடிப்பிடிக்காத நாள் இல்லையாம். மாமனார் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, டிவியைச் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு நடந்து போகும்போது, ஏதோ மறந்துபோன விஷயம் மாதிரி சொன்னார்.

"அங்க ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் ஆபீஸுக்கு வந்தாங்க. தபால்ல ஒரு பாடம் வந்துச்சாம். பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாங்க."

நான் நின்றுவிட்டேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரச் சொல்லிட்டேன். அடுத்த மாசம்."

"யார் எழுதின பாடம்னு சொன்னீங்களா?"

"அதை ஏன் சொல்லணும்? அப்புறம் கேள்விய மெத்துன்னு ஆக்கிடுவாங்க."

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று. உடனே பழைய பயமும் வந்தது. எதைப் பற்றிக் கேட்கப் போகிறார்களாம் என்று கேட்டேன்.

"தெரியாது. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்களாமே. எந்தத் தெருவைக் கேப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்? அதான் தினமும் ஆபீஸ் விட்டதும் ஒரு தெரு, ஒரு தெருவா நடந்து பாத்துட்டு வர்றேன்."

குனிந்து பார்த்தேன். செருப்பு குதிகால் பக்கம் முழுக்கத் தேய்ந்து, வார் பிய்ந்து தொங்கியது. நிலையத்தை ஒட்டிய கடையில் அழுத்தமான அடியுள்ளதாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கினோம். பழையதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, புதியதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.